நடு அறையின் ஓதம்

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பார்கள். மண்டூரில் கேதீஸ்வரியின் அக்காமார் இரண்டு பேருக்கும் அப்படித்தான் நடந்தது. அவள் மட்டும் வீட்டாருக்குச் சொல்லாமல் ஜெயந்தனோடு பஸ் ஏறிப் போனாள். பிறகு கோபம் தணிந்தது, போக்குவரவும் தொடங்கியது. ஆனால் வீட்டுப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

ஆகவே கலியாணம் முடிந்த நாளிலிருந்து வாடகை வீடுகள்தான். வாடகைக்கு இருக்கிறவர்களுக்கென்று ஒரு பழக்கம் வந்துவிடும். கதவை அடித்துச் சாத்தமாட்டார்கள். ஆணி அடிக்க முதல் இரண்டு தரம் யோசிப்பார்கள். எதையும் கேட்பதற்கு முன் குரலைத் தாழ்த்துவார்கள். கேதீஸ்வரி அந்தப் பழக்கத்திலேயே முப்பதைத் தாண்டியவள்.

ஜெயந்தன் கட்டாருக்கு வேலைக்குப் போன பிறகு அவள் மணப்பெண் அலங்காரம் பழகினாள். கை நிதானமான கை. கொண்டை கட்டினால் மணவறையில் எழுந்து மூன்று தரம் சுற்றி வந்தாலும் ஒரு மயிர் குலையாது என்று பேர் எடுத்தாள். கூறைச் சேலைகளும் நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமும் வாங்கி வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கினாள். அவற்றை வைக்கவும், மணப்பெண்கள் வந்து இருக்கவும் இடம் தேவைப்பட்டது. அப்படித்தான் புளியந்தீவில் வாவிக்கரை ஒழுங்கையில் இருந்த பீற்றிஸ் அன்ரியின் வீடு அவளுக்குக் கிடைத்தது.

பழைய ஓட்டு வீடு. முன்னுக்கு இரண்டு அறை, நடுவில் ஒன்று, பின்னுக்குக் குசினி. கிணற்றடியில் நின்ற ஈரப்பலா மரம் கூரைக்கு மேல் கிளை விரித்திருந்தது. பீற்றிஸ் அன்ரி அறுபதைத் தாண்டியவர். தாண்டவன்வெளியில் மகள் றஜனியோடு இருந்தார். வீட்டைக் காட்ட வந்த அன்று ஒவ்வொரு அறையாகத் திறந்துவிட்டார். நடு அறைக்கு முன்னால் மட்டும் நிற்காமல் கடந்து போனார்.

“இது பூட்டித்தான் இரிக்கும் மகள். எங்கட சாமான் கிடக்கு.”

வீட்டுக்காரர் ஒரு அறையைப் பூட்டி வைத்துக்கொள்வது எங்கும் உள்ளதுதான். கேதீஸ்வரி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒப்பந்தம் எழுதியபோது, கூரையும் சுவரும் வீட்டுக்காரரின் பொறுப்பு, பல்பும் பைப்புத் திருகும் குடியிருப்பவரின் பொறுப்பு என்று நொத்தாரிசு வாசித்தார். இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

கார்த்திகை மழை தொடங்கி ஒரு கிழமை போயிருக்கும். நடு அறையோடு ஒட்டிய சுவரில் கறுப்புப் புள்ளிகள் வந்தன, கொசு மொய்த்திருப்பது போல. துணியால் துடைத்தாள். போயின. இரண்டு நாளில் திரும்பி வந்தன. குளோரின் கலந்து தேய்த்தாள். மூக்கு எரிந்ததுதான் மிச்சம், புள்ளிகள் பரந்து படலமாயின. ஓதம் நிலத்திலிருந்து ஏறவில்லை. சுவரின் நடுவில் தொடங்கி நாலு பக்கமும் விரிந்தது. தொட்டால் சுவர் குளிர்ந்தும் சற்று மெத்தென்றும் இருந்தது. கையை எடுத்த பிறகும் விரலில் அந்த வாசம் நின்றது. நனைந்த சாக்கு, பழைய புத்தகம், அதற்குள் ஏதோ இனிப்பு.

மகள் ஆர்த்திகா இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தச் சுவரடியில் இருந்துதான் வீட்டுப் பாடம் செய்வாள். ஒரு பின்னேரம் பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அம்மா, அந்த அறைக்குள்ள ஆர் இரிக்கிற?”

“ஒருத்தரும் இல்ல. ஏன்?”

“நடக்கிறாங்க.”

கேதீஸ்வரி பூட்டிய கதவடிக்குப் போய்ப் பார்த்தாள். கதவின் கீழ் இடுக்கில் ஒரு கோடாக வெளிச்சம் தெரிந்தது. யன்னல் எல்லாம் உள்ளே கொளுவி அடைத்த அறைக்குள் வெளிச்சம் எப்படி வரும்? பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அது ஒரு ஓரத்தில் இருண்டது. இருட்டு மெல்ல மறு ஓரத்துக்கு நகர்ந்தது. பிறகு மறுபடியும் வெளிச்சம். யாரோ கதவுக்கு முன்னால் குறுக்காக நடந்து போனது போலவே இருந்தது. அவள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு முன் விறாந்தைக்கு வந்துவிட்டாள். வெளியில் வாவிக்கு மேல் மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அதையும் இதையும் சேர்த்து யோசிக்கும் நிலையில் அவள் அன்று இல்லை.

அதற்குப் பிறகு சத்தங்களும் கேட்கத் தொடங்கின. மழை விட்ட பிறகும் உள்ளே ஏதோ மெதுவாக விழும். தண்ணீர் தண்ணீரில் விழும் சத்தம் அல்ல. மெத்தையில் யாரோ விரலால் தட்டுவது போல ஒரு சத்தம். அவள் வானொலியைக் கூட்டி வைத்துக்கொண்டு வேலை செய்தாள்.

பீற்றிஸ் அன்ரிக்குப் போன் எடுத்தாள்.

“சுவர் ஓதம் பிடிக்குது அன்ரி. நடு அறைப் பக்கமிருந்து வருது போல. ஒருக்கா திறந்து பாக்கலாமா?”

“மழைக்கு எல்லா வீட்டிலயும் உள்ளதுதான மகள். வெயில் வந்தா காஞ்சிரும்.”

தையில் வெயில் வந்தது, சுவர் காயவில்லை. மறுபடி போன் எடுத்தபோது அன்ரி கோணாமலை என்ற மேசனை அனுப்பினார். வெள்ளை அடிக்கத்தான் சொல்லி அனுப்பியிருந்தார். கோணாமலை சுவரில் கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்தார். பூச்சு பொத்தென்று உதிர்ந்தது.

“இதுக்கு மேல வெள்ளை அடிக்கிறது வீண்வேலை தங்கச்சி. அங்கால தண்ணி நிக்குது. ஓடு உடைஞ்சிரிக்கும். அந்த அறையத் திறந்தாத்தான் செய்யலாம்.”

“அன்ரியிட்ட சொன்னீங்களா?”

“சொன்னன். ‘நீ சொன்ன வேலையச் செய்’ எண்டுறா.”

அவர் வெள்ளை அடித்துவிட்டுப் போனார். பெரிய வெள்ளிக்கு முன்னமே வெள்ளைக்கு மேலால் கறுப்பு மறுபடி ஊறி வந்தது. முதல் இருந்த அதே இடத்தில் அதே கரையோடு வந்தது.

வைகாசியில் ஒரு கலியாணம். மணப்பெண் வந்து கதிரையில் இருந்து, கொண்டையும் கட்டி முடிந்து, கேதீஸ்வரி அலுமாரியிலிருந்து கூறையை எடுத்து உதறினாள். பொன் கரையின் ஓரம் முழுவதும் சாம்பல் நிறப் பூஞ்சணம். உதறிய உதறலில் தூள் பறந்து பெண்ணின் முகப் பூச்சில் ஒட்டியது. பெண்ணின் தாய் ஒன்றும் கத்தவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “எழும்பு மனே, போவம்” என்று மட்டும் சொன்னாள். கட்டிய கொண்டையோடு அந்தப் பெண் எழும்பிப் போனாள். ஓட்டோ ஒழுங்கை முனையில் திரும்பும்வரை கேதீஸ்வரி கையில் சேலையோடு நின்றாள். அதற்குப் பிறகு அவளைத் தேடி வந்த பெண்கள் குறைந்தார்கள்.

ஆர்த்திகாவுக்கு முட்டு வந்தது அடுத்த மழைக்கு. நெஞ்சு உள்ளே போய் வெளியே வர, வாய் திறந்து மூச்சுக்கு அலைந்தாள். ஆசுப்பத்திரியில் மூக்கில் மூடி வைத்து மருந்துப் புகை பிடித்தார்கள். இளம் டொக்டர் பெண் ஒருத்தி கேட்டாள்: “வீட்டில ஓதம், பூஞ்சணம் இரிக்கா?” கேதீஸ்வரி ஓம் என்றாள். “அப்ப மருந்து குடுத்து மட்டும் சரிவராது. வீட்டத் திருத்தச் சொல்லுங்க.”

பிள்ளையைக் கொண்டுவந்து பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அன்றைக்கே அவள் தாண்டவன்வெளிக்குப் போனாள். பீற்றிஸ் அன்ரி கோயிலால் வந்து செபமாலையை மேசையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“அன்ரி, கூரையும் சுவரும் உங்கட பொறுப்பு எண்டுதான் எழுதின. நான் இவ்வளவு நாளும் பொறுத்தன். இப்ப என்ட புள்ளைக்கு மூச்சு எடுக்க ஏலா.”

“எனக்கும் புள்ள இரிக்கு” என்றார் பீற்றிஸ் அன்ரி.

அவர் றஜனியைத்தான் சொல்கிறார் என்று கேதீஸ்வரி நினைத்தாள்.

“திறந்து ஓட்ட மாத்துங்க அன்ரி. வேற ஒண்டும் கேக்கல்ல.”

“நீ இனி வாடகை தரவேணாம்.” அன்ரியின் குரல் அசையவில்லை. “சும்மா இரி. எத்தன வருசமெண்டாலும் இரி. அந்தக் கதவ மட்டும் தொடாத.”

கேதீஸ்வரி எழும்பி வந்தாள். றஜனி கேற்றடி வரைக்கும் கூட வந்தாள்.

“அக்கா, அந்தப் பூட்டின்ட திறப்பு எங்களிட்ட இல்ல. அண்ணா கொண்டுபோனவன்.”

றொனால்ட் என்ற ஒரு மகன் இருந்ததைக் கேதீஸ்வரி அப்போதுதான் அறிந்தாள். ரேடியோ திருத்துகிற பெடியன். யுத்தம் நடந்த 2007-இல் ஒரு காலையில், வாழைச்சேனைக்கு வேலை விசயமாகப் போய்வாறன் என்று வெளிக்கிட்டான். அங்கே போய்ச் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை. யார், எங்கே, எப்படி என்று இன்றுவரை ஒரு தகவல் இல்லை. தாய் போகாத வாசல் இல்லை.

“நான் சின்னப்புள்ள. அவன்ட கசற்றெல்லாம் எடுத்துப் போடுவன் எண்டு எங்க போனாலும் அறையப் பூட்டித்துத்தான் போவான். அண்டைக்கும் பூட்டித்துப் போனான்.” றஜனி கேற்றின் கொளுவியைத் தூக்குவதும் போடுவதுமாக நின்றாள். “பூட்ட உடைச்சா, அவன் வரமாட்டான் எண்டு அம்மாவே சொல்ற மாதிரி. அதான் அம்மா விடமாட்டா. அந்த வீட்டில இரிக்கவும் ஏலா, மூடிப் போடவும் ஏலா. ஆள் இரிந்தா அவன் வந்து தட்டேக்க திறக்க ஆள் இரிக்கும் எண்டுதான் வாடகைக்குக் குடுக்கிற.”

பஸ்ஸில் வரும்போதுதான் கேதீஸ்வரிக்கு அது விளங்கியது. அப்படியென்றால், இவ்வளவு நாளும் தான் அந்த வீட்டில் இருந்தது ஒருவனுக்குக் கதவு திறந்துவிடுவதற்காக.

அதன்பின் நடு அறையைக் கடக்கும்போதெல்லாம் அவள் தன்னையறியாமல் மெதுவாக நடந்தாள். சுவரில் இருந்த கறுப்பை அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் குசினிக்குப் போகிற வழியில் பூட்டிய கதவைப் பார்த்து, “தம்பி, என்ட புள்ளைக்கு ஏலாமக் கிடக்கு” என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தன் குரல் காதில் விழுந்தது. அன்று பின்னேரமே வேறு வீடு தேடினாள். கைக்கு எட்டிய வீடுகளில் மணப்பெண்ணை இருத்த இடமில்லை. இடமுள்ள வீடுகள் கைக்கு எட்டவில்லை. ஜெயந்தன் போனில், “மத்தியஸ்த சபைக்குப் போ. நியாயம் உன்ட பக்கம்தான” என்றான்.

மத்தியஸ்த சபை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடியது. சிறுபிள்ளைகளின் தாழ்ந்த வாங்குகளில் இரண்டு பெண்களும் எதிரெதிரே இருந்தார்கள். சபையில் இருந்த மூன்று பேரில் மூத்தவர், ஓய்வுபெற்ற அதிபர், ஒப்பந்தத்தை வாசித்துவிட்டுச் சொன்னார்: “அம்மா, வாடகைக்கு விட்டா ஆள் இரிக்கக்கூடிய மாதிரி வெச்சிரிக்க வேணும். ஓடு உங்கட வேலை. ஏன் திறக்க ஏலாது?”

பீற்றிஸ் அன்ரி மடியில் இருந்த கைப்பையைக் குனிந்து பார்த்தார். அதிபர் கேதீஸ்வரியைப் பார்த்தார். “உங்களுக்குத் தெரியுமா, ஏனெண்டு?”

அவளுக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் அதைச் சொன்னால் தன் பக்கம் இன்னும் பலமாகும் என்பதும், முன்னால் இருக்கிற கிழவி உடைந்துபோவார் என்பதும் தெரியும்.

“தெரியாது ஐயா” என்றாள். பிறகு, யோசித்து வைத்திராத ஒன்று வாயில் வந்தது. “கதவத் திறக்கத் தேவையில்ல. அந்த அறைக்குச் சீலிங் இல்லயாம். மேலால ஏறி ஓட்ட மாத்தலாம். பூட்டு அப்படியே இரிக்கட்டும்.”

பீற்றிஸ் அன்ரி முதல் முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

வேலைக்குக் குறித்த நாளன்று காலையிலேயே அன்ரி வந்துவிட்டார். ஒரு கதிரையை இழுத்து நடு அறைக் கதவுக்கு முன்னால் போட்டு, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். ஒருவரும் அந்தக் கதவைத் தொடாமல் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்பது சொல்லாமலே விளங்கியது. கோணாமலை ஏணியைச் சாத்தி ஏறினார். ஈரப்பலாக் காய் விழுந்து உடைந்த ஓடுகள்தான். ஒன்றிரண்டு அல்ல, ஒரு பாய் அகலத்துக்கு. ஓட்டைத் தாங்குகிற சிலாகைகளும் உக்கிப் போயிருந்தன. அவர் ஓடுகளைக் கழற்றக் கழற்ற, கதவின் கீழ் இடுக்கால் வெளிச்சம் கூடிக்கொண்டு வந்து அன்ரியின் செருப்புகளைத் தொட்டது, பிறகு கால்களை மூடியது. அன்ரி குனிந்து அதையே பார்த்தார்.

மேலே சத்தம் நின்றது.

கோணாமலை இறங்கி வந்து கிணற்றடியில் முகம் கழுவினார். கேதீஸ்வரி கிட்டப் போனாள்.

“என்ன அண்ணன்?”

“ஓடு போட்டு மூடினாலும் ஓதம் போகாது தங்கச்சி. உள்ளுக்கு எல்லாம்…” அவர் மேலே சொல்லாமல் கையைத் துடைத்தார்.

பின்னால் பீற்றிஸ் அன்ரி வந்து நின்றார். “என்ன தெரியுது உள்ள?”

கோணாமலை வாவியைப் பார்த்தார். அன்ரி ஏணியில் கை வைத்தார். முதல் படியில் காலைத் தூக்கவே அவரால் முடியவில்லை.

“நீ ஏறு மகள்” என்றார் கேதீஸ்வரியிடம். “நீ பாத்துச் சொல்லு.”

அவள் சேலையை வரிந்து செருகிக்கொண்டு ஏறினாள். ஓடு கழற்றிய இடைவெளியால் தலையை நீட்டியதும் அந்த வாசம் மேலே எழுந்து முகத்தில் அடித்தது. கண் பழகச் சற்று நேரம் எடுத்தது.

“கட்டில் இரிக்கா?” கீழிருந்து குரல் வந்தது.

“இரிக்கு அன்ரி.”

“மெத்தையில விரிப்பு?”

மெத்தை புற்றுப்போல் உப்பிக் கிடந்தது. நடுவில் தண்ணீர் விழுந்து விழுந்து ஒரு குழி. ஓரத்தில் வெளிறிய காளான்கள். அந்தக் குழி, ஆள் படுத்து எழும்பிய இடம் போலவே இருந்தது.

“இரிக்கு.”

“மேசையில ரேடியோ?”

“அதுவும் இரிக்கு.”

“கதவுக்குப் பின்னால சேட்டு ஒண்டு தொங்கும். இரிக்கா?”

கேதீஸ்வரி எட்டிப் பார்த்தாள். கதவுக் கொளுவியில் அது தொங்கியது. உள்ளே தோள் இருப்பது போல விறைத்து, கைகள் இரண்டும் சற்று வெளியே தள்ளி நின்றது. மேலே பஞ்சு படர்ந்திருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கதிரைக்கும் அதற்கும் இடையில் ஒரு பலகைதான். காலையிலிருந்து தாயின் முதுகும் மகனின் சேட்டும் அப்படித்தான் இருந்திருக்கின்றன.

“இரிக்கு அன்ரி.”

“என்ன நிறம்?”

நிறம் இல்லை. சுவர், கட்டில், ரேடியோ, சேட்டு, எல்லாவற்றையும் ஒரே சாம்பல் கறுப்பு மூடியிருந்தது. நீலம் என்று சொல்லலாம், வெள்ளை என்று சொல்லலாம். சரியாக அமைந்தாலும் அமையும். அவள் ஓட்டு விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். ஆர்த்திகாவின் நெஞ்சு உள்ளே போய் வருவது கண்ணுக்குள் வந்தது.

“நிறம் தெரியல்ல அன்ரி” என்றாள். “எல்லாத்திலயும் பூஞ்சணம். எல்லாம் ஒரே நிறமாப் போச்சி.”

அவள் இறங்கி வந்தபோது பீற்றிஸ் அன்ரி கிணற்றுக் கட்டில் இருந்தார். கண் கலங்கவில்லை. வாவியில் ஒரு தோணி மெதுவாகப் போனது. அது மறையும்வரை பார்த்திருந்தார்.

“மஞ்சள்” என்றார். “மெல்லிய மஞ்சள். நத்தார்ப் பெருநாளுக்கு நான் எடுத்துக் குடுத்த.”

பிறகு கோணாமலையைப் பார்த்தார். “பூட்ட உடை.”

பூட்டு ஒரு அடிக்கே கழன்றது. துருதான் அதைப் பிடித்து வைத்திருந்திருக்கிறது. அன்ரி மற்றவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நீண்ட நேரம். கேதீஸ்வரி காது கொடுக்கவில்லை, குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டாள். உள்ளே யன்னல் கொளுவிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும் சத்தம் அங்கேயும் கேட்டது.

அன்ரி வெளியே வந்தபோது கைகளில் ஈரக் கந்தல். கொளுவியிலிருந்து எடுத்ததும் சேட்டு விரல்களுக்குள் பிய்ந்துவிட்டதாம். “ஒரு பொத்தான்தான் மிஞ்சின” என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அந்தக் கைகளைக் கேதீஸ்வரிதான் சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டாள். நகத்துக்குள் ஏறிய கறுப்பு போகவில்லை.

கட்டிலும் மெத்தையும் வளவின் மூலையில் எரிந்தன. ஈரம் விடாமல் இரண்டு நாள் புகைந்தது. கோணாமலை நடுச் சுவரின் பூச்சை இரண்டு பக்கமும் கல் தெரியக் கொத்தி எடுத்து, வெயில் காலம் முழுவதும் காயவிட்டுத்தான் மறுபடி பூசினார். புதுச் சிலாகை, புது ஓடு. ஈரப்பலாவின் கூரைப் பக்கக் கிளைகளை வெட்டினார்கள். எல்லாம் பீற்றிஸ் அன்ரியின் செலவு. றஜனி ஒருநாளும் உள்ளே வரவில்லை. கேற்றடியில் நின்று வேலையாட்களுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆர்த்திகாவுக்கு அடுத்த மழையில் முட்டு வரவில்லை. அதற்கு அடுத்த மழையில் ஒருதரம் வந்து கெதியாகப் போனது. மணப்பெண்கள் திரும்ப வரத் தொடங்கினார்கள். நடு அறைக்குத்தான் நல்ல வெளிச்சம், கண்ணாடியை அங்கே வைக்கச் சொன்னது பீற்றிஸ் அன்ரியே. ஒன்று மட்டும் கேட்டார்: அந்தக் கதவுக்கு இனிப் பூட்டுப் போடக்கூடாது.

ஆகவே அது பூட்டில்லாத கதவு. வாவிக் காற்றுக்குத் தானாகத் திறக்கும், சாத்தும். நெற்றியில் சுட்டி வைக்கும்போது கதவு அசைந்தால் கேதீஸ்வரியின் கை நின்றுவிடும். கண்ணாடியில் கதவைப் பார்ப்பாள். மணப்பெண் என்ன அக்கா என்று கேட்பாள். ஒண்டும் இல்லை, காற்று என்பாள்.

போன வருடம் ஜெயந்தன் ஊருக்கு வந்தான். கரடியனாற்றுப் பக்கம் காணி ஒன்று பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னான். கல் வீடு, அவளுக்கென்று தனி அறை. காலம் முழுக்க அவள் கேட்டிருக்க வேண்டியது. கேதீஸ்வரி பிறகு பார்ப்போம் என்றாள். காரணம் கேட்டான். பிள்ளையின் பள்ளிக்கூடம் என்றாள், தொழில் இங்கேதான் என்றாள். இரண்டும் உண்மைதான். ஆனால் அன்று பின்னேரம் வீட்டை அடைத்துக்கொண்டு மூன்று பேரும் மண்டூர்க் கோயிலுக்கு வெளிக்கிட்டபோது, அவள் ஒழுங்கை முனையிலிருந்து தனியே திரும்பி வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

“நாங்க போயித்து நாளைக்கு வருவம் அக்கா” என்றாள். “ஆரும் வந்து தட்டினா, கொஞ்சம் இரிக்கச் சொல்லுங்க.”